மூன்றாம் ஓலை

ஒரு ஆம்பிளையைப் பற்றிப் பேச்சு வந்தால் கெசியா முதலில் கேட்பது பெயரும் இல்லை, ஊரும் இல்லை. "என்ன சோலி பாக்குதான்?" என்பதுதான். சோலி தெரிந்துவிட்டால் போதும், அவன் கட்டினவளுக்கு உண்மையாக இருப்பானா மாட்டானா என்று நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். பாளையங்கோட்டையில் அவள் இருந்த கோயில் தெருவில் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

மகள் சாலோமிக்கு வந்த மாப்பிள்ளைகளெல்லாம் இப்படித்தான் அடிபட்டுப் போனார்கள். ரயில்வே கார்டு ஒருவர் வந்தார். "மணியாச்சியில ஒரு வீடு, தூத்துக்குடியில ஒரு வீடுன்னு வச்சுக்கிடுவான்" என்றாள். வளையல் வியாபாரி வந்தார். "நல்லாயிருக்கே! அவன் சோலியே பொம்பளை கையைப் பிடிக்கதுதானே?" என்றாள். பாட்டு வாத்தியார் ஒருவர், பாவம், காப்பி குடித்து முடிக்குமுன்னே எழுந்து போகும்படி ஆயிற்று.

அவளுடைய புருஷன், காலஞ்சென்ற ஞானசிகாமணி, இருபது வருஷம் கோயில் மணி அடித்தவர். மணிக்கயிற்றின் நீளத்துக்கு அப்பால் அவர் மனசு போனதே இல்லை என்று கெசியா பெருமையடித்துக்கொள்வாள். கோயிலுக்கு ஒரு கயிறுதானே உண்டு? அதற்குச் சாலோமி என்ன செய்வாள்! மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்துகொண்டே இருபத்திமூன்று வயதைத் தொட்டுவிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் அது சின்ன வயது இல்லை.

அப்போதுதான் இஸ்ரவேல் வந்தான். தபால்காரன். கெசியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தபால்காரனா? ஏட்டி, புருஷன் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போன வீட்டுப் பொம்பளையெல்லாம் அவனை எதிர்பார்த்துல்லா நிக்காளுவ! கதவைத் தட்டுனா திறக்காத வீடு உண்டுமா அவனுக்கு?"

சாலோமி அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருஷம் அவருதான் தபால் கொண்டாந்தாரும்மா. தபால் கார்டுன்னா எழுத்து கீழ இருக்க மாதிரி கவுத்திதான் நீட்டுவாரு. அடுத்தவ எழுத்து மேல கண்ணைப் போடாதவரு அடுத்தவ மேலயா போடுவாரு? இவரும் வேண்டாம்னா, எனக்குக் கல்யாணப் பேச்சே இனி எடுக்காதீங்க."

மகள் சொன்னால் செய்துவிடுவாள் என்பது கெசியாவுக்குத் தெரியும். அரை மனசோடு தலையாட்டினாள். கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது தடை சொல்ல இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை ஐயர் சபைக்கு முன்னால் அறிவிப்பார். மூன்றும் கழிந்தால்தான் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பாதிரியாரைத்தான் ஐயர் என்போம். முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் கெசியாவின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயின.

மூன்றாம் ஓலைக்கு மூன்று நாள் இருக்கும்போது, கல்யாணத்துக்கு ஜமுக்காளம் வாங்க மேலப்பாளையத்துக்கு நடந்தாள். நெசவு வீட்டில் விலை படியாமல், அடுத்த வீட்டில் கேட்கலாம் என்று சந்து வழியாகத் திரும்பியவள் ஒரு குரல் கேட்டு நின்றாள். தெரிந்த குரல். மூலையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இஸ்ரவேல் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பின்னால் கதவு ஒருக்களித்திருந்தது. அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்:

"கண்ணான கண்ணே, எத்தனை கடல் தாண்டி இருந்தாலும் கண்ணை மூடினால் உன் முகம்தான். உன் கை பட்ட சோறு இல்லாமல் என் பசி அடங்கவில்லை. உன்னை ஒரு நாளும் நான் மறந்தவன் இல்லை."

கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

கெசியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காகிதம் ஏதாவது வாசிக்கிறானா என்று அவன் கையைப் பார்த்தாள். இரண்டு கையும் வெறுங்கையாக முழங்கால் மேல் இருந்தன. ஆள் வந்தால் தெரியட்டும் என்றுதானே தெருப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், கள்ளப்பயல்! அதற்குமேல் ஒரு நிமிஷம் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜமுக்காளம் வாங்காமலே வந்தது நினைவுக்கு வந்தது.

மறுநாள் இஸ்ரவேலை வீட்டுக்கே கூப்பிட்டனுப்பி, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். "கண்ணான கண்ணேன்னு யார்கிட்ட வே சொல்லிக்கிட்டிருந்தீரு?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "அது என் சொல்லு இல்ல அத்தை. இன்னொருத்தர் காகிதத்துல உள்ளது."

"காகிதமா? உம்ம கையில ஒரு துண்டுகூட இல்லையே!"

"காகிதம் இப்பம் இல்ல அத்தை."

"யாரு வீட்டுக் காகிதம்? யாரு எழுதுனது?"

அவன் சாலோமியை ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "அதை நான் சொல்லக் கூடாது அத்தை. என்னைக் கழிச்சுக் கட்டுனாலும் சரிதான்."

அவ்வளவுதான், போய்விட்டான். கெசியா குதித்தாள். "பாத்தியாட்டி? ஞாயித்துக்கிழமை நானே எந்திச்சு நின்னு தடை சொல்லுதேன்!"

சாலோமியின் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் உடையவில்லை. "சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா அதோட முடிஞ்சுபோகும், எனக்குத் தெரியும். ஆனா கோயில்ல நின்னு அரைகுறையாச் சொல்லாதீங்க. அந்த வீட்டுக்கே போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

கேட்கத்தான் போகிறேன் என்று சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டாள். அந்தச் சிறுக்கியை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். கதவைத் தட்டினாள். திறந்தவளைப் பார்த்ததும் அடுக்கினதெல்லாம் சரிந்துபோயிற்று. முக்காட்டுக்குள் பாதி நரைத்த தலை; ஐம்பது வயதுக்குக் குறையாது. ஷரீபா பீவி என்று பெயர். பொம்பளை ஆள்தானே என்று உள்ளே கூப்பிட்டுப் பாயை விரித்துவிட்டாள்.

"தபால்காரன் உங்ககிட்ட என்ன பேசுதான்?" என்றாள் கெசியா, உட்காராமலே.

ஷரீபா பீவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அட அல்லாவே! அக்கா, அந்தத் தம்பி முகம் கருப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாதே! மூணு வருசமா அவரு முதுகைத்தான் பாக்குதேன். வந்தா தெருவைப் பாக்க உக்காந்து வாசிப்பாரு, நான் கதவுக்கு இங்கன நின்னு கேப்பேன். அவரு சொன்னது எங்க வீட்டு ஆளு கொழும்புல இருந்து எழுதுன காகிதம்."

"கையில காகிதமே இல்லையே?"

"கரையான் தின்னுட்டு. அதுக்கு முந்தியே நூறு தடவை வாசிக்கச் சொல்லியிருப்பேன், அவருக்கு மனப்பாடம்." ஷரீபா பீவியின் சிரிப்பு நின்றது. "எங்க ஆளுக்கு இப்பம் கை நடுக்கம், பேனா பிடிக்க முடியல. கடைப்பையன் கையால 'சுகம், சுகத்துக்கு எழுதவும்'னு மாசாமாசம் எழுதி வருது. கண்ணான கண்ணேன்னு அடுத்தவன்கிட்ட சொல்லி எழுத வெக்கமா இருக்காதா மனுசனுக்கு? அதனால புதுக் காகிதத்தை வாசிச்சு முடிச்சதும், 'தம்பி, அந்தப் பழசையும் ஒருக்கச் சொல்லிருங்க'ம்பேன்."

கெசியா மெல்லப் பாயில் உட்கார்ந்தாள். அன்றைக்குக் காகிதத்தின் தொடக்கத்தில் வந்த ஸலாமைக் கேட்டிருந்தால், அல்லது "இப்படிக்கு" என்று முடிகிற வரைக்கும் நின்றிருந்தால், இந்தக் கூத்தே இல்லை. நடுவில் வந்து நடுவில் ஓடினவள் அவள்தானே!

"ஒண்ணு சொல்லுதேன் அக்கா," என்றாள் ஷரீபா பீவி. "போன நோன்புப் பெருநாளைக்கு எனக்கு மனசு கேக்கல. 'தம்பி, கடைசியில சீக்கிரம் வாரேன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுங்களேன், பொய்யின்னு தெரிஞ்சேதான் கேக்கேன்'னு கெஞ்சுனேன். 'அவரு எழுதலையேம்மா'ன்னு சொல்லி, பழசையே முதல்ல இருந்து இன்னொரு தடவை சொன்னாரு. கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

கெசியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்ன காரியம் செய்யப் பார்த்தோம் என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பும்போது மறக்காமல் ஜமுக்காளத்தை வாங்கிக்கொண்டாள்; விலைகூடப் பேசவில்லை. வீட்டில் சாலோமி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசாம இருட்டி, நாளைக்குப் பாக்கலாம்" என்று கெசியா அடுக்களைக்குள் போய்விட்டாள். தப்பு என்று ஒத்துக்கொள்ள அவள் வாய்க்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இஸ்ரவேலின் முதுகு தெரிந்தது. கெசியா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் மூன்றாம் ஓலையை வாசித்தார். யாருக்காவது தடை உண்டா என்று கேட்டு நிமிர்ந்தார்.

கெசியா எழுந்து நின்றாள்.

கோயில் கப்பென்று அடங்கியது. சாலோமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எல்லாத் தலையும் திரும்பின. இஸ்ரவேலின் முதுகு மட்டும் திரும்பவில்லை.

"என்னம்மா, தடை உண்டுமா?" என்றார் ஐயர்.

"தடை ஒண்ணும் இல்ல ஐயரே," என்றாள் கெசியா. "போன ரெண்டு தடவையும் நான் சரியாக் கேக்கல. இன்னொருக்க முதல்ல இருந்து வாசிங்க."

பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. சாலோமி கண்ணைத் திறந்தாள். ஐயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வார்த்தையிலிருந்து மறுபடியும் வாசித்தார். இந்தத் தடவை கெசியா கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டாள்.