துரைமாருக்கு வரும் வருத்தம்

ஆம்புலன்ஸ்காரன் இரும்பால் செய்யப்பட்டவன். அவனுக்கு நரம்புகளே கிடையாது. 1931இல், மலாயாவில், கிள்ளான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பெரிய கிராணியான தலைமை எழுத்தர் சிவசம்பு இந்த உண்மையை அறிவித்தார். எதிரே லீவு கேட்டு நின்றவன் ஸ்ட்ரெச்சர் தூக்கும் சடையன்.

"ரயில்ல நசுங்குனவன் கத்துனது காதுலயே நிக்குதுங்க, கிராணியாரே. ராத்திரி கண்ண மூட முடியல. ரெண்டு வாரம் லீவு குடுங்க."

"நரம்புத் தளர்ச்சி துரைமாருக்கு வாற வருத்தமடா. உனக்குக் காய்ச்சல்தான் வரும். கொயினா மருந்தைக் குடிச்சிட்டு வண்டியில ஏறு. நானும் வாறன், அப்பிடி என்ன பயம் எண்டு பாப்பம்."

அன்று மர ஆலை ரம்பத்தில் கை சிக்கிய ஒருவனைக் கொண்டுவரப் போனார்கள். திரும்புகையில் அவன், கையில் கட்டோடு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ஸ்ட்ரெச்சரில் கிராணியார் கிடந்தார்.

மறுநாள் லீவுப் படிவத்தில் 'காய்ச்சல்' என்று எழுதி, அவரே இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொண்டார். சடையனின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஆளில்லை. ஆகவே அவன் வேலைக்கு வந்தான். முதல் வேலையாக ஸ்ட்ரெச்சர் துணியைத் துவைத்தான். கிராணியாரின் வெள்ளைக் கால்சட்டையையும் சேர்த்துத் துவைக்க வேண்டியிருந்தது.