வழக்கில் கேட்காத கேள்வி

டெல்லியிலிருந்து லியோ போன் செய்தபோது நான் ஐஸ் பிளான்ட்டில் வேலையாக இருந்தேன். லியோ எங்கள் எம்.பி.யின் உதவியாளர், ஆவூர்க்காரர். "அக்கா, நம்ம கேள்வியத் தள்ளிட்டாங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தள்ளிட்டாங்களா? நம்ம மீனவங்க பதினோரு பேரு யாழ்ப்பாணம் ஜெயில்ல கெடக்காங்க. அதக் கேக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லலக்கா, விதி சொல்லுது. கோர்ட்டுல நிலுவையில இருக்குற விஷயத்தப் பார்லிமென்ட்டுல கேள்வியாக் கேக்க முடியாது."

"அது இலங்கைக் கோர்ட்டு தம்பி! அதுக்கும் நமக்கும் என்ன ஒட்டு, என்ன ஒறவு?"

"அந்தக் கோர்ட்டால ஒரு தடையும் இல்ல. நம்ம நாட்டுக் கோர்ட்டுதான் கணக்கு. மதுரையில ஒங்க சங்கமே கேஸ் போட்டுருக்கே!"

அந்த வழக்குக்கு விவரம் எழுதிக் கொடுத்ததே நான்தான். ஜெகதாப்பட்டினத்தில் ஒரு விசைப்படகு பிடிபட்டுவிட்டால் எங்கள் சங்கத்துக்குக் கை நிற்காது. காலையில் வேலைநிறுத்தம், மதியம் கலெக்டரிடம் மனு, மறுநாள் மதுரையில் வழக்கு, அதே சூட்டில் எம்.பி.யிடம் கேள்வி. நாலு பக்கமும் வலை விட்டால் ஒன்றிலாவது படும் என்பார் சங்கத் தலைவர் குழந்தைசாமி மாமா. இப்போது ஒரு வலை இன்னொரு வலையில் சிக்கிக்கொண்டது. பிடிபட்ட படகும் அவருடையதுதான். அதில் போனவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர் வெற்றிசெல்வன்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குக்கா. கேஸ்ல இல்லாத விஷயமா ஒண்ணு சொல்லுங்க. புதுக் கேள்வி குடுத்துருவோம். கேள்வி ஏத்துக்கிட்டாங்கன்னா, குறிச்ச தேதியில பதில் சொல்லியே ஆகணும்."

போனை வைத்ததும் சங்கக் கொட்டகைக்கு ஓடினேன். மாமா கேட்டதும் குதித்தார்.

"அப்ப கேஸ வாபஸ் வாங்கிருவோம்!"

"வாங்கிட்டு? கேள்வியையும் ஏத்துக்கலன்னா என்ன பண்ணுவீங்க? அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையாயிரும். எடுங்க அந்தக் கேஸு மனுவ."

வரி வரியாகப் படித்தேன். ஆட்களை விடுவிக்க வேண்டும், படகை மீட்க வேண்டும், குடும்பங்களுக்கு உதவ வேண்டும். சனியன், ஒன்றையும் விடாமல் எழுதித் தொலைத்திருக்கிறேன்! சுவர்க்கடிகாரம் மூன்றரையைத் தாண்டியது. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனுவில் இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரியும். அவருக்கு வலிப்பு உண்டு. ஆறு வருஷமாகக் காலையும் மாலையும் மாத்திரை. ஒரு வேளை மாத்திரை தவறினாலும் பயம்தான். வலிப்புக்காரர் என்று தெரிந்தால் எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். நடுக்கடலில் விழுந்தால் யார் பொறுப்பு? அதனால் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். கடலுக்குப் போனபோது நாலு நாளைக்குத்தான் மாத்திரை எடுத்துப் போனார். பிடிபட்டு இருபது நாளாகிறது. இருபது நாளும் இன்று விட்டுவிடுவார்கள், நாளை விட்டுவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். சொன்னால் அவருக்குக் கடல் இல்லை. சொல்லாவிட்டால் எனக்கு அவரே இல்லாமல் போகலாம்.

"மாமா, அவருக்கு வலிப்பு இருக்கு."

மாமா மனுவை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"எத்தன வருஷமா?"

"ஆறு."

"ஆறு வருஷமா என் போட்டுல... அடியாத்தி! ஒனக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் ரஞ்சிதா?"

"திட்டுங்க, அப்பறமாத் திட்டுங்க. மொதல்ல லியோவுக்குப் போன் போடுங்க!"

நான் சொல்லச் சொல்ல லியோ எழுதினார். சிறையில் உள்ள மீனவர்களைத் தூதரக அதிகாரிகள் நேரில் பார்த்தார்களா? தினமும் மருந்து சாப்பிட வேண்டியவர்களுக்கு அது கிடைக்கிறதா? அவ்வளவுதான். விடுதலை என்ற சொல்லே வரக் கூடாது என்றார். அன்றே மாத்திரை விஷயத்தை இங்குள்ள அதிகாரிகளிடமும் சொன்னோம். மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள்.

கேள்வியை ஏற்றுக்கொண்டார்கள்! மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம் பதில் வந்தது. மாமாவின் போனைச் சுற்றி மீன் ஏலக்கூடமே கூடிவிட்டது. லியோ மூச்சு வாங்க, பதிலைத் தமிழாக்கிப் படித்தார்.

"தூதரக அதிகாரி, கைதான அஞ்சாம் நாளே பதினோரு பேரையும் ஜெயில்ல பாத்துருக்காரு. ஒருத்தர் தனக்கு வலிப்பு நோய் இருக்குன்னு எல்லார் முன்னாலயும் தானாவே சொல்லியிருக்காரு. அன்னையிலருந்து தெனமும் மாத்திரை குடுக்குறாங்க. எல்லாரும் நல்லாருக்காங்க."

"தானாவேயா?"

"அப்படித்தான்க்கா போட்டுருக்கு."

அடப் பாவி மனுஷா! எனக்கு முன்னாலேயே உடைத்துவிட்டிருக்கிறார், அதுவும் கூட வேலை பார்க்கும் பத்துப் பேர் முன்னால். அது தெரியாமல் நான் இங்கே இத்தனை நாள் வெந்து செத்திருக்கிறேன். சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. நடு ஏலக்கூடத்தில், மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "புருஷன் அங்கிட்டு ஒடச்சான், பொண்டாட்டி இங்கிட்டு ஒடச்சா. ரஞ்சிதா, இப்பவே சொல்லிப்புட்டேன். அவன் திரும்பி வந்தாலும் இனிமே போட்டுல ஏத்த மாட்டேன்."

"ஏத்தாதீங்க மாமா" என்றேன். "ஆளு உசிரோட இருக்காருல்ல."