தங்கசாமி பாடிய பக்கம்

அந்தக் கேசட்டின் எந்தப் பக்கத்தில் பேசித் தொலைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. பதினைந்து நாளாக இதே கேள்விதான். சோறு வடிக்கும்போதும் அதே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதே. பேனாவால் 'தங்கசாமி' என்று எழுதிய பக்கமா, எழுதாத பக்கமா? எழுதாத பக்கம் என்றால் பிழைத்தேன். எழுதிய பக்கம் என்றால் சென்னியம்மாள் அத்தை முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

தங்கசாமி அத்தையின் ஒரே மகன். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் தம்பி. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் தோள்வரை முடி வளர்த்து, கரண்டில் மாட்டுகிற கிதாரை வாசித்த ஒரே ஆள் அவன்தான். சூரமங்கலத்து ரயில்வே காலனியில் கற்றுக்கொண்டு வந்தான். ராக் என்பான். கோயில் நோம்பிக்குக் கச்சேரி வைத்தால் மூன்று மணி நேரம் சினிமாப் பாட்டு வாசித்துவிட்டு, கடைசியில் தான் கட்டிய பாட்டு ஒன்றைப் போடுவான். தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டியின் இரைச்சல் அப்படியே கிதாரில் வரும். பனமரத்துப்பட்டியில் அதை முதல் தடவை கேட்டபோது என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் மாமியார் முன்னால் வாய் திறக்காதவள் நான். மறுநாள் காலையில், "எனக்கு டேப் ரிக்கார்டர் ஒண்ணு வேணும்" என்று சொல்லிவிட்டேன். மாமியாரைவிட எனக்குத்தான் திகைப்பு.

அந்தப் பாட்டு அவன் அப்பாவைப் பற்றியது. சின்னுசாமி மாமா நாலு போர் போட்டார், நாலிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெற்ற தகப்பனையே மேடை ஏறிக் கிண்டல் பண்ணுகிறான் என்று ஊர் பேசியது. ஊர் வாய்க்கு என்ன, எதையாவது மென்றுகொண்டுதான் இருக்கும். மாமா மகனோடு பேச்சை நிறுத்தினார். அந்தப் பாட்டை அவர் கேட்டதில்லை, கேள்விப்பட்டதற்கே இந்தக் கோபம் என்றார்கள். புருஷனுக்குப் பயந்து அத்தையும் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை.

அதனால் எங்கள் மாட்டுக்கொட்டகையில் வைத்துத்தான் அந்தப் பாட்டைப் பதிந்தோம். நடுவில் எருமை ஒரு தடவை கத்தும். முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் தகடு இரண்டையும் அவன் நகத்தால் உடைத்து எடுத்தான்.

"இனி இத யாராலயும் அழிக்க முடியாதுங்க நங்கையா." நங்கையா என்றால் எங்கள் பக்கம் அண்ணி.

நான் அழித்துக் காட்டினேனா இல்லையா என்பதுதான் இப்போது கேள்வி.

என் வீட்டுக்காரர் மணியன் ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்தில் கிடப்பார். எங்கள் ஊர்ப் பெண்கள் கடுதாசி எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, ரிக்குக்குச் சாமான் ஏற்றிப் போகிற லாரியில் கொடுத்துவிடுவோம். அன்றைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். லாரி கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. வீட்டில் வேறு கேசட் இல்லை. உடைந்த ஓட்டை ஒன்றில் காகிதத்தை மடித்துத் திணித்து, ரெண்டு சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, பொத்தானை அமுக்கினேன். அரை மணி நேரம் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த மாதம் ஆத்தூர்க் கச்சேரி முடிந்து திரும்பும்போது அயோத்தியாப்பட்டணத்துக்கிட்ட வேன் லாரியில் மோதியது. தங்கசாமி போய்விட்டான். இருபத்தாறு வயது.

மூன்றாம் நாள் அத்தை என் கையைப் பிடித்தாள். "சௌந்திரம், எம்பையன் பாட்டு உன்ற பொட்டியில இருக்குதாமா. கருமாதியன்னிக்கு ஒருக்காக் கேக்கறேன் சாமி. நான் கேட்டதே இல்ல."

யோசிக்காமல் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பாட்டின் மேலேயே பேசி அனுப்பிவிட்டேனோ என்று தோன்றியது. ரிக் ஆபீசுக்கு ஓடி, கேசட்டோடு வரச்சொல்லி அவருக்குத் தகவல் அனுப்பினேன்.

கருமாதியன்று காலையில்தான் வந்தார். வந்த மனுஷனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"கேசட்டு எங்கீங்க?"

"ஏன் இப்பிடிப் பறக்கறே?"

எழுதிய பக்கத்தைப் போட்டேன். 'ஏனுங்க, அங்க என்ன வெட்டி முறிக்கறீங்க...' என் குரல்தான். திருப்பிப் போட்டேன். ஒன்றும் பதியாத வெறும் இரைச்சல். அடிப்பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவனே போன பிறகு அவன் குரலையும் கொன்றவள் நான்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கேசட்டு நடுவுல பாப்பாவத் தூங்க வெக்க என்னமோ முனகுனயே, அது என்ன பாட்டு? ரிக்ல எங்க எட்டுப் பேருக்கும் அதுதான். போர்ல ராடு மாட்டறப்ப அதைத்தான் பாடறோம்" என்றார். பாடியும் காட்டினார்.

"அது தங்கசாமி பாட்டுங்க" என்றேன்.

"டேப்பு அறுந்து போச்சுன்னு சொல்லிரு. யாரு பாக்கப் போறாங்க?" என்றார். வழியெல்லாம் நானும் அதையேதான் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஆனால் அங்கே அத்தை ஏற்கனவே ஸ்டூல் போட்டு, அதன் மேல் வெளுத்த துண்டு ஒன்றை விரித்து வைத்திருந்தாள், டேப் ரிக்கார்டர் வைக்க. சாப்பிட்டு முடித்த பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பந்தல் காலில் சாய்ந்து மாமா. அந்தத் துண்டைப் பார்த்ததும் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"அத்தை, நான் அழிச்சுப் போட்டேனுங்க. அது மேலயே பேசிப் போட்டேனுங்க."

அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அத்தை துண்டின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு அது வருமா?"

"வருமுங்க."

"அப்ப நீ பாடு. மெதுவாப் பாடு, எனக்குக் காது மந்தம்."

மாமாவைப் பார்த்தேன். எழுந்து கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"எரநூறு அடியில புழுதிதான் பறக்குது
இன்னும் நூறு போடுங்கறான் எங்கப்பன்
ஊரே சிரிச்சுட்டு ஊடு போயிருச்சு
மண்ணுல கண்ணை வெச்சுப் பாக்கறான் எங்கப்பன்..."

"கண்ணை இல்ல சாமி."

கண்ணைத் திறந்தேன். சொன்னது சின்னுசாமி மாமா.

"காதை. மண்ணுல காதை வெச்சுக் கேக்கறான்."

அத்தை மெல்லத் திரும்பினாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "பனமரத்துப்பட்டியில ஜெனரேட்டருக்குப் பின்னால நின்னு கேட்டேன். அப்பறம் மூணு நோம்பிக்கும் போயி நின்னேன். அவங்கிட்டச் சொல்லல. சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்னே இருந்துட்டேன்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "முதல்ல இருந்து பாடு" என்றாள் என்னிடம்.

பாடினேன். அந்த அடி வந்தபோது மாமாவும் கூடச் சேர்ந்து பாடினார். சுதி சேரவே இல்லை.