பால் வீட்டு மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்குப் பால் சேராது. இதில் மர்மம் எதுவும் இல்லை. பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி அவர் குடலுக்குக் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை, பாலையும் பாலில் ஆனதையும் தவிர்த்துவிட்டால் போதும் என்றும் சொன்னார். அந்த டாக்டருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. ஆகியிருந்தால் 'தவிர்த்துவிட்டால் போதும்' என்று அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்க மாட்டார்.

ஏனென்றால், மாப்பிள்ளைக்கு வாய்த்த மாமியார் பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டேங்கர் லாரியில் வந்திறங்கும் பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சோதித்துச் சொல்வதுதான் அவர் வேலை. அவர் தலையாட்டாமல் ஒரு லாரி உள்ளே போனதில்லை. ஓய்வுக்குப் பிறகு லாரிகள் வருவது நின்றுவிட்டதால், அந்தக் கவனம் முழுவதையும் வீட்டாரின் தட்டுகள் மீது திருப்பியிருந்தார். மற்ற வீடுகளில் ஃபிரிட்ஜைத் திறந்தால் காய்கறி தெரியும். அந்த வீட்டில் வெண்ணெய், க்ரீம், சீஸ், நாலு பாக்கெட் பால் எல்லாம் விலகி வழிவிட்டால், பின்னால் ஒரு கேரட் கூச்சத்தோடு எட்டிப் பார்க்கும்.

மனைவி ஒரு பிசியோதெரபிஸ்ட். அவளுக்குப் பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எந்த ஊரிலும் லிஃப்ட் பழுதாகாமல் இருக்கப்போவதில்லை. ஆகவே இருவரும் அவள் பெற்றோரோடு குடிவந்தார்கள். வந்த அன்றே விஷயத்தைச் சொல்லிவிடச் சொன்னாள் மனைவி. தன் அம்மாவிடம் பால் வேண்டாம் என்பதும் உன் சமையல் விஷம் என்பதும் ஒன்றுதான் என்பதால், அதைத் தான் சொல்ல முடியாது என்றும் விளக்கினாள்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் க்ரீமில் வேகவைத்த உருளைக்கிழங்கு வந்தது. மேலே சீஸ் உருகிப் பொன்னிறமாகக் குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

மாமியாருக்கு முகம் வாடியது. "எங்க ஆலைப் பால் ஒண்ணும் பண்ணாது மாப்பிள்ளை. மத்த பால்தான் பண்ணும்" என்றார்.

மாமனார் விசாரணையைத் தொடங்கினார். அவர் டிரைவிங் லைசன்ஸுக்கு டெஸ்ட் எடுக்கும் அதிகாரியாக இருந்தவர். ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவர். மீதிப் பாதியைப் பாஸ் போட்டதற்காக இன்றும் வருந்துகிறவர். எப்போதிலிருந்து இப்படி, காய்ச்சிய பாலா காய்ச்சாத பாலா, குடித்தபின் உட்கார்ந்திருந்தாரா நடந்தாரா என்று, கண்ணாடி பார்க்காமல் வண்டியை ரிவர்ஸ் எடுத்தவனைக் கேட்கும் குரலில் கேட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"எல்லாம் மனசு மாப்பிள்ளை. வயித்துக்கு என்ன தெரியும்? நாங்கல்லாம் சாப்பிடலையா? இந்த வீட்டுல யாருக்கும் இப்படி ஒரு வியாதி கிடையாது."

சொல்லிவிட்டு, நிரூபணமாகத் தன் தட்டை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு நடக்கக் கிளம்பினார். சாப்பிட்ட கையோடு நடக்கப் போவது அவருடைய பல வருடப் பழக்கம். கொட்டுகிற மழையிலும் குடையை விரித்துக்கொண்டு போவார். ஒழுக்கம் என்றால் அதுதான் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அதே மேசையில் மச்சினனும் இருந்தான். ஜிம்மில் பயிற்சியாளன். போன மாதம் ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டுக் கோதுமையைக் கைவிட்டிருந்தான். எந்த டாக்டரும் சொல்லவில்லை; கோதுமையும் அவனை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் அவனுக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கத்தி, அலமாரியில் தனித் தட்டு. என் பையனுக்குக் கோதுமை ஆகாது என்று மாமியார் சொல்லும்போது, பையன் வெளிநாட்டில் பட்டம் வாங்கிய தொனி அதில் இருக்கும். அவன் மாடிப்படிக்குக் கீழே பைக் பக்கத்தில் நின்று பிஸ்கட் சாப்பிடுவதை மாப்பிள்ளை இரண்டு முறை பார்த்தார். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை எதையெல்லாம் பார்க்கலாம் என்று ஒரு அளவு இருப்பதால், பார்க்காதது போல் போய்விட்டார்.

மாமியார் கெட்டவர் இல்லை. மறுநாளே மனம் இரங்கி, மாப்பிள்ளைக்குப் பால் தருவதில்லை என்று முடிவெடுத்தார். அவர் அகராதியில் பால் என்பது டம்ளரில் வருவது மட்டும்தான். வெண்ணெய் பால் ஆகாது. சீஸ் பால் ஆகவே ஆகாது. சூப்பில் வெள்ளையாக மிதப்பது என்ன என்று கேட்டால், பால் இல்லை, வெறும் க்ரீம்தான், அதுவும் கொஞ்சம்தான் என்பார். அந்த வீட்டில் 'கொஞ்சம்' என்பது கரண்டிக்குள் அடங்காத ஒரு அளவு.

மாப்பிள்ளை சாப்பிட்டார். வேறு வழி? ஆசையாகப் பரிமாறிவிட்டு எதிரில் நின்று முகத்தையே பார்க்கிறவரிடம் எத்தனை முறைதான் மறுப்பது? வீட்டில் ஒரே குளியலறை, ஒரே கழிப்பறை, இரண்டும் ஒரே கதவுக்குப் பின்னால். காலையில் மச்சினன் உள்ளே போனால், தாடியின் ஒவ்வொரு முடியோடும் கலந்துபேசிவிட்டுத்தான் வெளியே வருவான்.

ஒருநாள் காலை உணவுக்கு 'கொஞ்சம்' சீஸ் போட்ட ஆம்லெட். மாப்பிள்ளை ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேலே நின்று கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அது தன் வேலையைக் காட்டியது. சோதனையின்போது கூண்டு ஆமை வேகத்தில்தான் நகரும். அப்படி வைத்திருப்பது மெக்கானிக்கின் பாதுகாப்புக்காக. பாதுகாப்பு விதிகளை எழுதியவர்களை மாப்பிள்ளை அன்றைக்கு முதல்முறையாக மனதாரத் திட்டினார். அடுத்த தளம் வந்ததும் கதவை நெம்பித் திறந்து இறங்கி, எதிரில் இருந்த வீட்டின் மணியை அடித்தார். கதவைத் திறந்த அம்மா நல்லவர். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு பாத்ரூமைக் காட்டினார். வெளியே வந்தபோது, ரொம்பக் களைத்துப்போயிருக்கிறீர்களே என்று ஒரு பெரிய டம்ளர் நிறையச் சூடான பாலை நீட்டினார்.

அன்று மாலை மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டுக் கழிப்பறையை நம்பிப் பயனில்லை. தெருமுனையில் ஒரு பார்க் இருந்தது. பார்க்கில் ஒரு கழிப்பறை இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும், தானும் கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். ஒருவழியாக மாப்பிள்ளைக்கும் ஒழுக்கம் வந்துவிட்டது என்று மாமியார் மகிழ்ந்தார்.

கழிப்பறைக் கதவு மூடியிருந்தது. மாப்பிள்ளை காலை மாற்றி மாற்றி வைத்துக் காத்திருந்தார். கதவு திறந்தது. கையில் ஈரமும் முகத்தில் பெரும் நிம்மதியுமாக வெளியே வந்தார் மாமனார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வாக்கிங்கா?" என்றார் மாமனார்.

"ஆமா மாமா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை உள்ளே ஓடினார்.

திரும்பி வந்தபோது மாமனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்தார். சிறிது நேரம் இருவரும் மரங்களைப் பாராட்டினார்கள். அப்புறம் மாமனார் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். கல்யாணம் பேசுவதற்காகப் போன அன்றே அவள் தன் கையால் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தாளாம். அன்றைக்குத்தான் அவளுக்கு ஆலையில் வேலை நிரந்தரமாகியிருந்ததாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வேண்டாம் என்பது? குடித்தார். அன்றிலிருந்து ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"முதல் வருஷமே சொல்லியிருக்கலாம், விட்டுட்டேன். பத்தாவது வருஷம் சொன்னா, ஒன்பது வருஷமா ஏன் சொல்லலைன்னு கேப்பா. அதுக்கு நடந்துடலாம்னு தோணிச்சு."

"அப்ப எனக்கு மட்டும் மனசுதான் காரணமா மாமா?"

மாமனார் யோசித்துப் பார்த்தார். "அது வீட்டுல சொன்னது மாப்பிள்ளை. இது பார்க்."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். இனிமேல் சாப்பாட்டு மேசையில் தனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்று நம்பி, லேசான மனதோடு வீட்டுக்கு நடந்தார்.

அந்த நம்பிக்கைக்கு ஆயுள் ஒரு ராத்திரி. குட்டு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் மாமனாரின் கிண்டல் இரண்டு மடங்கானது. மாப்பிள்ளை தட்டைத் தொடுவதற்கு முன்பே, பார்த்து, பசு இருக்கிற தெரு வழியாகக் கூடப் போகாதீர்கள் என்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உறுதி கிடையாது என்பார். இந்த உறுதியான மனிதரைத்தான் மாலையில் பார்க் கழிப்பறை வாசலில் அடுத்த ஆளாக நின்று பார்க்க வேண்டியிருந்தது. அங்கே அவர் மிகவும் அன்பாக, மாப்பிள்ளைக்கு அவசரம் என்றால் முதலில் போகச் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மாமியாரின் பழைய மேலதிகாரி வந்திருந்தார். ஆலையின் தரக் கட்டுப்பாடே தன் தோளில் நின்றதாக நம்பும் அம்மாள். அவர் மதிப்புக்கு ஏற்ற மாதிரி க்ரீம் சூப், வெண்ணெயில் புரட்டிய பீன்ஸ், சீஸ் சாஸில் மூழ்கிய கோழி, கடைசியில் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்த ஒரு இனிப்பு. மாப்பிள்ளை வெறும் சோற்றையும் பீன்ஸின் கரையோரத்தையும் கிளறிக்கொண்டிருந்தார். ஏன் சாப்பிடவில்லை என்று மேலதிகாரி கேட்டார்.

"எங்க மாப்பிள்ளைக்குக் கண்ணாடி வயிறு மேடம்" என்றார் மாமனார். "பால்னு எழுதிக் காட்டினாலே படுத்துடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். கட்டிய மனைவியும் சிரித்தாள்.

மாப்பிள்ளைக்கு ஏதோ ஒன்று உள்ளே அறுந்தது. அவர் எழுந்து, இனிப்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனார்.

"உங்களுக்கு இது ரொம்பப் பிடிக்குமே மாமா" என்று ஒரு கரண்டி வைத்தார். மாமியார் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் சாப்பிட்டார். மாப்பிள்ளை இன்னொரு கரண்டி வைத்தார். மேலதிகாரி, இந்த வயதிலும் என்ன ஒரு ஜீரண சக்தி என்று வியந்தார். அதற்கு மரியாதை செய்யும் விதமாக மூன்றாவது கரண்டியும் விழுந்தது. மாமனார் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். லைசன்ஸ் டெஸ்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களின் கெஞ்சும் பார்வை, இப்போது அவர் கண்ணில் இருந்தது.

வழக்கம்போல் நடக்கக் கிளம்பியவர், செருப்பை மாட்டும்போதே பார்க் வெகுதூரம் என்று புரிந்து உள்ளே திரும்பினார். குளியலறைக்குள் மச்சினன் இருந்தான். தட்டினார். தாடி பாதியில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி தட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்றான் மகன். பொறுப்பதில் அந்த வீட்டிலேயே அதிக அனுபவம் உள்ளவர் அன்று பொறுக்க முடியாமல் கத்தினார்.

"டேய், எனக்குப் பால் சேராதுடா. எந்தக் காலத்துலயும் சேர்ந்ததில்ல. கதவைத் திற."

சாப்பாட்டு அறை வரை அது தெளிவாகக் கேட்டது. மேலதிகாரி நாகரிகம் தெரிந்தவர். ஜன்னல் திரையின் துணி எங்கே வாங்கியது என்று விசாரித்தார். சீக்கிரமே விடைபெற்றும் கொண்டார்.

மாமியார் சத்தம் போடவில்லை. மாமனார் வெளியே வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். "தினம் காலையில ரூமுக்குக் கொண்டுவந்து குடுத்தேனே, அந்தப் பாலை என்ன பண்ணினீங்க?"

மாமனார் ஜன்னலைக் காட்டினார். வெளியே மதில்மேல் பக்கத்து வீட்டுப் பூனை, ஒரு சிறிய சோபாவைப் போலப் படுத்திருந்தது.

"அது முழுக் கொழுப்புப் பால்" என்றார் மாமியார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு வெற்றி பெற்ற உணர்வு வரவில்லை. ஒரு குடும்பத்தின் அடிக்கல்லை இனிப்புக் கரண்டியால் பெயர்த்தது போலிருந்தது. சாயங்காலம் மாமனாரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்.

"நீங்க மூணு தடவை வெச்சீங்க" என்றார் மாமனார். பிறகு அவரே, "வேண்டாம்னு நான் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அந்த மூணுல எதுக்காவது" என்றார்.

மாமியார் கணவரோடு பேசுவதை நிறுத்தினார். ஆனால் பட்டினி போடவில்லை. அது அவர் கொள்கைக்கு விரோதம். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் பால் இல்லாத சமையல் தொடங்கியது. பரிசோதனைக் கூடத்து ஒழுங்கோடு, இரண்டு பேருக்கும் தனிப் பாத்திரம். சோயாவை அரைத்து, பிழிந்து, காய்ச்சி, அதில் உருளைக்கிழங்கு மாவைக் கரைத்து ஒரு சாஸ் செய்தார். சாம்பல் நிறத்தில் இருந்தது. சுவர்ப் பூச்சுக்கு எடுத்துப் போயிருந்தால் கொத்தனார் சந்தோஷமாக வாங்கியிருப்பார். மாமியார் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, வீறாப்பாக வெண்ணெய் தடவிய ரொட்டியைச் சாப்பிட்டார்.

மாப்பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது அத்தை என்றார். மாமனார், பிரமாதம் என்றார். மறுநாள் அளவு கூடியது. அதற்கடுத்த நாள் இன்னும் கூடியது. வயிறு இரண்டு பேருக்கும் அமைதியாகத்தான் இருந்தது, நாக்குதான் மரத்துப்போனது.

நாலைந்து நாள் கழித்து, மாமனார் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பதை மாமியார் கவனித்தார். அருகில் வந்து, மாப்பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். அப்படியே கை கழுவும் தொட்டிக்குப் போய்த் துப்பினார்.

"இதையா நாலு நாளா நல்லாருக்குன்னு சாப்பிட்டீங்க?"

மாமனார் தண்ணீர் டம்ளரை எடுத்தார்; மாப்பிள்ளை இன்னொரு வாய் எடுத்து வைத்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நல்லால்லன்னா நல்லால்லன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றார், கணவரைப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"நல்லால்ல" என்றார் மாமனார். மெல்லத்தான் சொன்னார்; ஆனால் சொல்லிவிட்டார்.

மாமியார் பாத்திரத்தை அப்படியே குப்பையில் கவிழ்த்தார். முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று மாப்பிள்ளை பதறி எழுந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு உருளைக்கிழங்கை வெறும் தண்ணீரில் வேகவைத்து, உப்பும் மிளகும் தூவிக் கொண்டுவந்து வைத்தார். அதற்கு யாரும் எந்தப் பாராட்டும் சொல்லவில்லை. பேசாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். மாமியாரும் அதிலேயே எடுத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போது மச்சினன் உள்ளே வந்து, அடுத்த வாரத்திலிருந்து தான் உப்பை விடப்போவதாக அறிவித்தான். மாமியார் நிமிராமலே, சமையலறையில் கத்தியும் அடுப்பும் இருக்கின்றன, நீயே செய்துகொள் என்றார்.