மனசாட்சியின்றி

பதவிப் பிரமாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க அந்த வீட்டில் குளியலறைக் கதவு சாத்தியேதான் கிடந்தது. உள்ளே சவரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நகரத்தின் புது மேயர் தன் உறுதிமொழியை உருப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அச்சமின்றி, பட்சமின்றி, விருப்பு வெறுப்பின்றி, என் மனசாட்சியின் வழி நடந்து, இந்நகர மக்களுக்கு உண்மையாகப் பணி செய்வேன்!"

ஒரு தடவை கம்பீரமாக. ஒரு தடவை உருக்கமாக. இன்னொரு தடவை, கேட்கிறவனுக்கே தொண்டை அடைக்கிற மாதிரி. பல் தேய்க்க இடமில்லாமல் சமையலறைத் தொட்டியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த மனைவிக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அவளுக்கு அரசு மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யாருடைய நரம்பும் அவள் விரலுக்குத் தப்பாது என்று பெயர். மற்றவர்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறவளுக்குக் கட்டினவரைப் பற்றி மட்டும் மயக்கம் இருக்குமா? நாலு பஸ் வைத்திருந்த காலத்தில், பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் வந்து நின்றால், "ஹாரன் அடிக்குதுல்ல, போ" என்று அனுப்பினவர் அவர். அப்படிப்பட்டவர் மேயர் ஆனதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. ஊர் தன் தகுதிக்கு ஏற்ற ஆளைத்தான் தேடிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரமாணத்துக்கு வாசகம்தான் முக்கியம், புத்தகம் கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று மாநகராட்சியின் சட்ட அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேயர் கேட்கிற ஆளா?

"வெறுங்கையைத் தூக்கிட்டு நின்னா டிராபிக் போலீஸ் மாதிரி இருக்கும். கைக்குக் கீழ சாமி புத்தகம் இருந்தாத்தான் ஒரு கனம்."

வீட்டில் புனித நூல் ஒன்று இருந்தது. அவள் அம்மா தினமும் படித்துப் படித்து அட்டை கழன்று, ஓரமெல்லாம் மஞ்சளாகிப் போனது. அவள் அதை எடுத்து வந்து நீட்டினாள்.

"இதையா? இது பழைய பேப்பர் கடைக்குப் போறதாட்டம் இருக்கு. டிவில அசிங்கமா தெரியும்" என்றார் மேயர். "மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன். பெருசா ஒண்ணு வாங்கிட்டு வருவார்."

மாப்பிள்ளை என்றால் மேயரின் தங்கை புருஷன். கட்டட ஒப்பந்ததாரர். எந்த வேலையைக் கொடுத்தாலும் பாதியில் பாதி செய்து முழுசாக முடித்துவிட்டேன் என்று சொல்வதில் அவருக்கு நிகர் அவர்தான். பிரமாணத்தன்று காலையிலும் அப்படித்தான், செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தைச் சிவப்பு வெல்வெட்டில் சுற்றி, தங்க ஜரிகை வைத்துத் தைத்து, தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார். "எப்படி அக்கா, ஜம்முனு இருக்குல்ல?"

விழாவுக்குப் போகிற வழியில், காரில், மடியில் இருந்த அந்தப் புத்தகத்தை அவள் சும்மா பிரித்துப் பார்த்தாள். 'கறவை மாடுகளின் வயிற்றுப் புழு நீக்கம்' என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் ஒரு மாட்டின் குடல், வண்ணப் படமாக.

"என்னங்க, இது மாட்டு வைத்தியம்."

மேயர் எட்டிப் பார்த்தார். முன் சீட்டிலிருந்த மாப்பிள்ளை திரும்பாமலே சொன்னார். "அந்த சைஸ்ல அதுதான் கிடைச்சுது மச்சான்."

"மூடி வை" என்றார் மேயர். "யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா? கேமராவுக்குத் தெரியறது அட்டைதான். சத்தியம் பண்ணப் போறது நானு, புத்தகம் இல்ல."

அவள் மூடி வைத்தாள். நாய் வேஷம் போட்டவர் குரைத்துத்தான் ஆக வேண்டும். தாம்பாளம் ஏந்துகிற வேஷம் நமக்கு, ஏந்துவோம் என்று இருந்துவிட்டாள்.

மேடையில் மாட்டு வைத்தியத்தின் மேல் கையை வைத்து, மேயர் கண்களை மூடிக்கொண்டார். உருப்போட்ட வேகத்தில்தான் நாக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது.

"அச்சமின்றி... பட்சமின்றி... விருப்பு வெறுப்பின்றி... மனசாட்சியின்றி, இந்நகர மக்களுக்கு உண்மையாகப் பணி செய்வேன்!"

பின் வரிசையில் யாரோ ஒருவர் இருமுகிற மாதிரி சிரித்தார். அது பரவி முன் வரிசைக்கு வருவதற்குள் மாப்பிள்ளை எழுந்து கை தட்டிவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். என்ன தப்பு நடந்தது என்று மேயருக்கு மட்டும்தான் தெரியவில்லை. கைதட்டல் தனக்கு என்று நினைத்து இன்னொரு தடவை கும்பிட்டார்.

சட்ட அதிகாரி அருகில் வந்து காதோடு சொன்னார். "சார், ஒரு வார்த்தை மாறிப்போச்சு. இப்பவே இன்னொரு தடவை சொல்லிடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்யா. திரும்பச் சொன்னா நான் தப்பு பண்ணேன்னு ஆயிடும்."

ஊர் சும்மா இருக்குமா? எதிர்க்கட்சித் தலைவர் மன்றக் கூட்டத்தில் மேசையைக் குத்தினார். வாசகம் பிசகினால் பிரமாணம் செல்லாது, பிரமாணம் செல்லாவிட்டால் மேயரே இல்லை என்றார். தினம் சாயங்காலம் டிவியில் இதுவே பேச்சு. மேயரின் வக்கீல் அதில் வந்து உட்காருவார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்று அவரைச் சொன்னால் விலாங்குதான் கோபித்துக்கொள்ளும்.

"கடவுள் என்ன இலக்கண வாத்தியாரா? எழுத்துப்பிழைக்கு மார்க் குறைப்பாரா? உள்ளம்தான் சார் முக்கியம். புனித நூல் மேல் கை வைத்துச் சொன்ன சொல். அதைச் சந்தேகப்படுவது தெய்வ நிந்தனை!"

அவள் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தாள். மாட்டின் குடல் ஞாபகம் வந்து, தட்டைத் தள்ளி வைத்தாள்.

சீக்கிரமே எதிர்க்கட்சித் தலைவருக்கு, மாநகராட்சிக் கடைகளைக் கவனிக்கிற சந்தைக் குழுவின் தலைவர் பதவி கிடைத்தது. அன்றோடு பிரமாணமும் குணமாகிவிட்டது. இலக்கணம் பேசின வாய்கள் எல்லாம் இனிப்பு தின்றன.

மேயர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். அதாவது மேடையில் சொன்ன சொல்லை. பேருந்து நிலையத்துக்குப் புதுக் கூரை போடுகிற வேலை மாப்பிள்ளைக்குப் போனது. தூண்களைப் பார்த்த மாநகராட்சிப் பொறியாளர், இது நிற்காது, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டு, மேயரே தன் அதிகாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கூரையைத் திறந்து வைத்தார். அந்த வருஷ மழையை அது தாங்கவில்லை. ஒரு முற்பகலில், மழைக்கு ஒதுங்கினவர்கள் தலையிலேயே இறங்கியது. பத்திரிகை விற்கிறவர் ஒருவர் அங்கேயே செத்துப்போனார். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு ஒரு கால் போயிற்று.

அடிபட்டவர்களின் ரத்தம் அவளுடைய மேசைக்குத்தான் வந்தது. வகை பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். மேயரின் பெண்டாட்டி என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மேயர் மேலும் மாப்பிள்ளை மேலும் வழக்கு வந்தது. மேயர் பதவியைத் தவறாகப் பயன்படுத்தி உயிர்ச் சேதம் ஏற்படுத்தினார் என்று குற்றச்சாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.

"ஒரே வழிதான் இருக்கு" என்றார் வக்கீல். "அன்னைக்குச் சொன்ன பிரமாணம் செல்லாது. வாசகம் தப்பு. அது ஊருக்கே தெரியும். புத்தகமும் புனித நூல் இல்ல. ஆகவே சார் சட்டப்படி மேயராவே ஆகலை. மேயர் இல்லாதவர் மேயர் பதவியை எப்படித் தவறாப் பயன்படுத்த முடியும்? அவர் போட்டது ஏதோ தனி ஆள் போட்ட கையெழுத்து. அதை நம்பிக் கூரையைத் திறந்தது அதிகாரிங்க தப்பு."

அவள் வக்கீலையே பார்த்தாள். "நீங்கதானே டிவில கடவுள் இலக்கண வாத்தியாரான்னு கேட்டீங்க?"

"அது அப்போம்மா."

"இப்போ ஆயிட்டாரா?"

மேயர் குறுக்கே விழுந்தார். "இங்க பாரு, வேடிக்கை பேசுற நேரமா இது? புத்தகத்தை மேடைக்கு எடுத்துட்டு வந்தவ நீ. அது மாட்டு வைத்தியம்னு நீதான் கோர்ட்டுல சொல்லணும். உன்னைப் பொய் சொல்லச் சொல்லலையே? உண்மையைத்தானே சொல்லப் போற?"

"முழுசா சொல்லலாமா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்றார் வக்கீல் அவசரமாக.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செத்துப்போனவரைப் பற்றி அந்த மேசையில் ஒரு வார்த்தை வரவில்லை என்பது தொட்டியில் தண்ணீர் ஓடும்போதுதான் உறைத்தது.

நீதிமன்றத்தில் மின்விசிறிச் சத்தம்தான் அதிகம். நீதிபதி ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, அதைக் காணோம் என்று காகிதங்களுக்குள் தேடுகிறவர். அவள் சாட்சிக் கூண்டில் ஏறியதும் எழுத்தர் கேட்டார். "எந்த நூல் மேல கை வைக்கிறீங்க?"

"எதுவும் வேணாங்க. சும்மாவே உண்மை சொல்றேன்."

"சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது" என்றார் நீதிபதி. "சொல்லுங்க."

வக்கீல் கேட்டார், அவள் சொன்னாள். வெல்வெட், ஜரிகை, வயிற்றுப் புழு. கூடம் சிரித்தது. வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞரான ஒரு இளம்பெண் எழுந்தாள்.

"அது புனித நூல் இல்லைன்னு உங்க கணவருக்கு எப்ப தெரியும்?"

"கையை வைக்கிறதுக்கு முன்னாடியே. கார்லயே காட்டினேன். 'சத்தியம் பண்ணப் போறது நானு, புத்தகம் இல்ல'ன்னார்."

வக்கீல் ஆட்சேபம் என்று எழுந்தார். நீதிபதி உட்காரச் சொன்னார்.

"சரியான வாசகம் அவருக்குத் தெரியுமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு வாரம் குளியலறையில அதைத்தான் சொல்லிட்டிருந்தார். மனசாட்சியின் வழி நடந்து, மக்களுக்கு உண்மையாப் பணி செய்வேன்னு. நான் சமையலறையில நின்னு பல் தேய்ச்சேன்."

"பிரமாணம் செல்லாதுன்னு கூரை விழறதுக்கு முன்னாடி எப்பவாவது அவர் சொல்லியிருக்காரா?"

"இல்லை. மேயர் கார்ல போனார், மேயர் அறையில உட்கார்ந்தார், யாராவது எழுந்து நிக்கலைன்னா கோபப்பட்டார். விழுந்தப்புறம்தான் அவர் மேயர் இல்லைன்னு அவருக்கே தெரிஞ்சுது."

இந்த முறை கூடம் சிரிக்கவில்லை. அவள் முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்தாள். சாயம் வெளுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சின்ன மனுஷனா என்று இருந்தது. பரிதாபம் வந்தது, வரட்டும் என்று விட்டாள். ஆனால் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

வராந்தாவில் மேயர் அவளை மறித்தார். "கட்டின பொண்டாட்டியே கழுத்தை அறுத்துட்டியே!"

"நீங்க உண்மையைத்தானே சொல்லச் சொன்னீங்க? கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அதையும் சொல்லிட்டேன்."

தீர்ப்பை நீதிபதி நீட்டி முழக்கவில்லை. "வாசல் வழியா வந்தாரா, ஜன்னல் ஏறிக் குதிச்சாரான்னு இங்க ரொம்ப நேரம் வாதம் நடந்தது. எப்படி வந்திருந்தாலும் உள்ள உட்கார்ந்து சாப்பிட்டவர் இவர். சத்தியத்தைச் சொல்லத் தெரிஞ்சவருக்கு அதோட அர்த்தமும் தெரியும். நாக்கு தவறினது குற்றமில்லை. தவறின நாக்குக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறதை இந்த நீதிமன்றம் ஏத்துக்காது." மேயருக்கும் மாப்பிள்ளைக்கும் சிறைத் தண்டனை. இருவரும் மேல்முறையீடு செய்தார்கள். அங்கேயும் மாட்டு வைத்தியம் எடுபடவில்லை.

அவள் தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனாள்.

ஊர் பாடம் படித்தது என்று நினைக்க வேண்டாம். படித்தது, வேறு பாடம். மன்றம் கூடிக் கூடி விவாதித்து, இனிப் பிரமாண வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நூலைச் சரிபார்க்க ஒரு குழு. குழுவுக்குத் தனி அறை. பேருந்து நிலையத்துக் கூரை பற்றிய விவாதம் நேரமில்லாமல் தள்ளிப்போனது. அங்கே தார்ப்பாய் கட்டியிருக்கிறது. காற்று அடித்தால் அது ஒரு பக்கம் பறக்கும், ஜனங்கள் மறுபக்கம் ஓடுவார்கள்.

புது மேயர் வேறு யாருமில்லை, இலக்கணம் பேசிச் சந்தைக் குழுவுக்குப் போனவர்தான். அவர் பதவியேற்றபோது அவள் வேலையில் இருந்தாள். பரிசோதனைக் கூடத்துச் சுவரில் டிவி ஓடியது. எதிரில், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை நீட்டி உட்கார்ந்திருந்தவள் பேருந்து நிலையத்தில் கால் போன அந்த டிக்கெட் கவுண்டர் பெண்.

டிவியில் கணீரென்று வந்தது வாசகம். ஒரு எழுத்து பிசகவில்லை. மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

"நல்லா வாசிச்சார்ல, அக்கா?" என்றாள் அந்தப் பெண். கேலியா, நிஜமா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

"வாசிக்கறதுல என்ன குறைச்சல்? நல்லாத்தான் வாசிச்சார்" என்றபடி அவள் பஞ்சை வைத்து அழுத்தினாள். "கையை மடக்கிக்கோம்மா. கொஞ்ச நேரம் விடாமப் பிடி."