கால்வாயின் இரு கரைகளில் அம்மை குத்தியது

சைகோனில் கப்ரியேலுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவர் இடுப்புக்குக் கீழேதான் இருந்தார்கள். அவர்களும் அவரைக் கண்டதும் அழுதார்கள். பிரெஞ்சு சர்க்காரில் பிள்ளைகளுக்கு அம்மை குத்துகிற உத்தியோகம். காரைக்காலில் மனைவி கண்ணை மூடிய பிறகு கப்பலேறிய மனிதர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஊர்க்காரர்கள் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்வார்கள்; அவர் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் குதிரைவண்டி முனை திரும்பியிருக்கும்.

அந்த வருஷம் பெரிய டாக்டர் ஒரு சோதனை வைத்தார். கால்வாய்க்கு அந்தக் கரையில், பிள்ளையைக் காட்டாத வீட்டுக்குப் போலீஸும் அபராதமும். இந்தக் கரையில், வீடு வீடாகப் போய் நயமாகப் பேசிக் குத்துவது. எங்கே அதிகப் பிள்ளைகளுக்குக் குத்தியாகிறதோ, அதுவே இனி நகரம் முழுக்க வழி. அந்தக் கரை, அதே உத்தியோகம் பார்த்த ஜூலுக்கு; இந்தக் கரை கப்ரியேலுக்கு.

கப்ரியேலுக்கு நயமாகப் பேச வராது. சட்டைக் கையை மடித்து, முதலில் தனக்கே குத்திக்கொண்டு காட்டுவார். மழைக்காலம் தொடங்குவதற்குள் இடது கையில் இடம் தீர்ந்து வலது கைக்கு மாறிவிட்டார். பலாப்பழத் தோலாகிப்போன அந்தக் கையைப் பார்க்கவே கூட்டம் கூடியது. தெருவே ஹை அக்கா என்று கூப்பிடும் வெற்றிலைக்காரி அதைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னும் உயிரோடதான் இருக்கீங்க. சரி, உட்காருங்க."

தேநீர் ஊற்றிக் கொடுத்து, மடியிலிருந்த குழந்தையை நீட்டினாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவருக்குச் சாத்திய கதவு இல்லை. வேலை இல்லாத நாளிலும் போய் உட்கார்ந்தார். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அதுவரை, எதிரில் ஓர் ஆள் இருக்க அவர் எதையும் குடித்ததில்லை.

"எப்படிண்ணே முடியுது?" என்றான் ஜூல். "அங்க விசில் ஊதினா போதும், தெருப்பிள்ளை பூராவும் படகுல ஏறிடுது. நேத்து பாரம் தாங்காம ஒரு படகு முங்கியே போச்சு."

"ஐயோ, பிள்ளைங்க?"

"நீந்திப் போயி அடுத்த படகுல ஏறிடுச்சுங்க. அகப்பட்டவன் ஒரே பயதான். அவனையே மூணு வீட்டுல தன் பிள்ளைன்னு காட்டுறாளுவ. மூணு தடவையும் குத்தினேன்."

"மூணாவது தடவையுமா தெரியல?"

"அவனே கையை நீட்டினாண்ணே, பழக்கத்துல."

முடிவு பார்த்தபோது ஜூலின் கரையில் பாதிப் பிள்ளைகள்கூடத் தேறவில்லை. கப்ரியேலின் கரையில் அநேகமாக எல்லாருக்கும் குத்தியாகியிருந்தது. பெரிய டாக்டர் கப்ரியேலின் கையைக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே யோசித்தார்: போலீஸ் இல்லாமலே இவ்வளவு என்றால், போலீஸோடு போனால்?

"வேண்டாம் முசியே," என்றார் கப்ரியேல்.

தன்னடக்கம் என்று டாக்டர் முதுகில் தட்டினார். மறுநாளே பூட்ஸ் போட்ட போலீஸ்காரர் ஒருவர் துணைக்கு வந்துவிட்டார்.

குத்திய எட்டாம் நாள், கொப்புளம் எழும்பியதா என்று பார்க்க வேண்டும். ஹை அக்காவின் தங்கை பிள்ளைக்கு அன்று எட்டாம் நாள். தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அக்கா வீட்டுக்குள் குழந்தை அழுதது.

"அக்கா, நான்தான்."

"தெரியுது. கூட யாரு?"

பின்னால் பூட்ஸ் கால் மாற்றி நின்றது.

"இங்க பிள்ளை இல்லை," என்றாள் அவள்.

"கொப்புளத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிடுறேன்."

பிறகு கதவுப் பலகைச் சந்து வழியாக ஒரு குட்டிக் கை மட்டும் வெளியே வந்தது. கப்ரியேல் குனிந்தார். நன்றாக எழும்பியிருந்தது, பார்த்த மாத்திரத்தில் தெரிகிற விஷயம். அவர் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, சரியா இருக்கா?" என்றாள் உள்ளேயிருந்து.

"இன்னும் பார்க்கணும்," என்றார் கப்ரியேல்.