நாலாம் நம்பர் கேஜ்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. அண்ணி சாப்பாட்டு மேஜையில் சொன்னது, நான் சுட்டுவிட்டேன்.

அண்ணி பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலையில் பரிசோதகர். கோட்டைச் சுவரில் இருக்கும் பீரங்கியை நினைக்க வேண்டாம். இது ரோந்துப் படகில் பொருத்துவது. இருபது மில்லிமீட்டர், தானியங்கி, நிமிடத்துக்கு அறுநூறு குண்டு. ஒவ்வொரு குண்டும் ஒரு சாண் நீளம். (என் தொடர்கதை நாயகன் அந்தப் பீரங்கியை இடுப்பில் வைத்துச் சுட்டான். "இடுப்பு எங்க போய் விழுந்துச்சுன்னு அடுத்த வாரம் வருமா தம்பி?" என்று கேட்டார் அண்ணி.)

2

ஆரம்பம் ஒன்று: சைரன் அலறியது. அவள் திடுக்கிட்டு—

வேண்டாம். அந்த அறையில் சத்தம் போடுவது மின்விசிறி மட்டும்தான்.

ஆரம்பம் இரண்டு: ஆறு பெண்கள், ஆறு கேஜ். கேஜ் என்பது துளையுள்ள எஃகு உருளை. பீரங்கிக்குள் குண்டு உட்காரும் இடத்தின் அதே அளவு. குண்டை இறக்கினால் விளிம்போடு சமமாக உட்கார வேண்டும். தலை நீட்டினால் கழிவு.

காலையில் ஆறு பேரும் நாலாம் நம்பருக்கு அடித்துக்கொள்வார்கள். கைராசி கேஜ், அதில் எதுவுமே கழியாது. மாதாமாதம் கேஜ்களை அளவு பார்க்க அனுப்பும்போது, போனால் திரும்பாதோ என்று அதை மட்டும் சாப்பாட்டு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். அண்ணியும் ஒளித்திருக்கிறார்.

3

வெள்ளிக்கிழமை, நாலாம் நம்பரில் தேறிய ஒரு குண்டை அண்ணி சும்மா இரண்டாம் நம்பரில் இறக்கினார். தலை நீட்டியது. பத்து போட்டார். மூன்று நீட்டின.

கைராசி இல்லை, தேய்மானம். துளை தேய்ந்து அகன்றதால் தடித்த குண்டும் அதில் இறங்கிவிடுகிறது. தடித்த குண்டு பாதியில் சிக்கினால் பீரங்கி நின்றுவிடும். எதிரே இருப்பவன் நிறுத்த மாட்டான்.

அண்ணி கையெழுத்துப் போட்ட பெட்டிகள் திங்கள் காலை பத்து மணிக்கு லாரி ஏறும். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பதால் ஆகட்டும் என்றே பெயர் வாங்கிய சூப்பர்வைசரிடம் சொன்னார். அவர் முதல்முறையாக வேறு ஏதோ சொன்னார்.

"நீங்க வாயத் திறந்தா ஆறு பேரும் வீட்டுக்குப் போகணும்மா. யோசிச்சுக்குங்க."

4

முடிவு அ: அண்ணி மேலிடத்தில் சொல்கிறார். லாரி நிற்கிறது. ஆறு பேருக்கும் வேலை போகிறது. யார் உயிர் பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது, எதுவும் நடக்கவில்லையே. (பத்திரிகை ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார்.)

முடிவு ஆ: லாரி போகிறது. கடல். பீரங்கி பதினொன்று சுடுகிறது. பன்னிரண்டாவது

(இதை நன்றாகவே எழுதினேன். அதுதான் தொந்தரவு. சுடுகிறவனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, கொடுத்தேன். சரியாகச் சவரம் செய்யாத முகம்.)

5

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இரண்டையும் அண்ணியிடம் கொடுத்தேன். முடிவு ஆவை இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பையனுக்கு வயசென்ன?"

போடவில்லை என்றேன்.

"போடுங்க."

இருபத்திரண்டு என்று போட்டேன். காகிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார்.

"நாளைக்கு நான் என்ன செஞ்சாலும் அத எழுதாதீங்க தம்பி. எழுதினா, படிக்கிறவங்க எல்லாரும் நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

திங்கள் பத்து மணி வந்தது, போனது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் இன்னும் ஞாயிறு மாலை ஐந்து மணி.